நாகசாகி: ஏறுவது இயந்திரத்தில், இறங்குவது காலில்

வரைபடத்தைப் பார்த்தால் நாகசாகியில் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். ரயில் நிலையத்திலிருந்து பழைய டச்சு வணிகத் தீவான தெஜிமாவுக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம், அங்கிருந்து பழைய மேற்கத்திய வீடுகள் நிற்கும் குளோவர் தோட்டத்துக்கு ஏறக்குறைய அதே தூரம். நடந்தே முடித்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் மதியத்துக்குள் களைத்துப்போவார்கள். மூன்று பக்கமும் மலை, நடுவில் நீளமாக உள்ளே வரும் கடல், சரிவெல்லாம் வீடுகள், வீடுகளுக்கு நடுவே கல் படிகள். இதுதான் ஊரின் அமைப்பு. சிங்கப்பூரின் மிக உயரமான புக்கிட் தீமா குன்று 164 மீட்டர். நாகசாகியில் இரவுக்காட்சி பார்க்கப் போகும் இனாசா மலை 333 மீட்டர். அதனால் இந்த ஊருக்குத் திட்டம் போடும்போது தூரத்தைவிட உயரத்தைக் கணக்கில் வையுங்கள். ஏறுவதை டிராமுக்கும் மின்தூக்கிக்கும் கம்பிவட ஊர்திக்கும் விட்டுவிட்டு, இறங்குவதற்கு மட்டும் கால்களைப் பயன்படுத்துங்கள். தாத்தா பாட்டியோடும் தள்ளுவண்டிக் குழந்தையோடும் போகும் குடும்பத்துக்கு இந்த ஒரு விதியே பாதிப் பயணத்தைக் காப்பாற்றும்.

எப்போது போவது

பெரும்பாலான சிங்கப்பூர்க் குடும்பங்கள் பள்ளி விடுமுறையை ஒட்டித்தான் கிளம்பும். அதில் ஜூன் விடுமுறை நாகசாகிக்குப் பொருந்தாது. ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை நடுப்பகுதிவரை அங்கே மழைக்காலம். நம்மூர் மழைபோல் அரை மணி நேரம் கொட்டிவிட்டு ஓயாது, நாள் முழுக்கப் பெய்யும். மலை உச்சியில் மேகம் உட்கார்ந்துவிட்டால் இரவுக்காட்சி கிடையாது, பழைய சுரங்கத் தீவான ஹாஷிமாவுக்குப் படகும் சந்தேகம். செப்டம்பர் ஒரு வார விடுமுறை சூறாவளிப் பருவத்தில் விழுகிறது. ஆகஸ்டு மாதச் சூடு சிங்கப்பூரைவிடக் குறைவில்லை, அதில் படி ஏறவும் வேண்டும்.

பள்ளி மூடியதும் வரும் நவம்பர் கடைசி பத்து நாள்தான் சிறந்தது. காற்று வறண்டிருக்கும், வானம் தெளிவாக இருக்கும், மெல்லிய கம்பளிச்சட்டை போதும். டிசம்பர் தொடக்கத்தில் இனாசா மலைக் கம்பிவட ஊர்தியைப் பராமரிப்புக்காகச் சில நாட்கள் நிறுத்துவது வழக்கம், தேதியைப் பார்த்துக்கொண்டு பதிவு செய்யுங்கள். தீபாவளியை ஒட்டி விடுப்பு எடுக்க முடிந்தவர்களுக்கும் வானிலை நன்றாகவே இருக்கும்.

அக்டோபர் 7 முதல் 9 வரை சுவா ஆலயத்தின் குன்சி திருவிழா. 1634-இல் தொடங்கிய விழா இது. சீனர்களிடமிருந்து வந்த டிராகன் நடனமும் டச்சுக் கப்பல் வடிவத் தேரும் ஊர்வலத்தில் வருவது உண்டு. ஆனால் எந்தப் பேட்டை எந்த ஆண்டில் ஆடும் என்பது ஏழாண்டுச் சுழற்சி. நீங்கள் போகும் ஆண்டில் டிராகன் உண்டா என்று முன்பே பாருங்கள். சீனப் புத்தாண்டை ஒட்டி விளக்குத் திருவிழா: ஏறக்குறைய 15,000 விளக்குகள், அறைகள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். ஆகஸ்டு 9 அணுகுண்டு நினைவுநாள். அன்று வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள், அஞ்சலி செலுத்தப் போவதானால் போங்கள்.

போய்ச் சேர்வது

சாங்கியிலிருந்து நேராக ஃபுகுவோகாவுக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பறக்கிறது, ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. டோக்கியோ, ஒசாகா வழியாகச் சுற்றத் தேவையில்லை.

ஃபுகுவோகா விமான நிலையத்தில் சுரங்க ரயில் நிலையம் உள்நாட்டு முனையத்தில்தான் இருக்கிறது. அனைத்துலக முனையத்தில் இறங்கியதும் இலவசப் பேருந்தில் அங்கே போய், சுரங்க ரயிலில் இரண்டாவது நிறுத்தமான ஹகாதாவில் இறங்குங்கள். ஹகாதாவிலிருந்து நாகசாகிக்கு 2022 செப்டம்பரில் திறந்த புதிய ஷின்கான்சென் அதிவேக ரயில் உண்டு, ஆனால் அது முழுத்தூரமும் ஓடவில்லை. ஹகாதாவிலிருந்து ‘ரிலே கமோமே’ என்ற சாதாரண விரைவு ரயிலில் தாகேயோ-ஒன்சென் வரை போக வேண்டும். அங்கே அதே நடைமேடையின் எதிர்ப்பக்கத்தில் ‘கமோமே’ ஷின்கான்சென் காத்திருக்கும். மாறுவதற்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான், ஆனால் நேராகக் கடந்தால் போதும், படி கிடையாது. தவறு எங்கே நடக்கிறது என்றால், பெட்டிகளை ரயிலின் ஒரு முனையில் வைத்துவிட்டு இன்னொரு முனையில் உட்காருவதில். தாகேயோ-ஒன்சென் அறிவிப்பு வரும்போதே பெட்டியோடு கதவருகே நில்லுங்கள். இரண்டு ரயிலுக்கும் சேர்த்து ஒரே பயணமாகச் சீட்டு தருவார்கள். மொத்தம் ஒன்றரை மணி நேரம், ஆளுக்கு 6,000 யென் அளவில். நெடுஞ்சாலைப் பேருந்து ஏறக்குறைய பாதி விலை, இரண்டரை மணி நேரம். இரவு விமானத்தில் தூங்காமல் வந்தவர்களுக்கு இடையில் மாறாத பேருந்தே வசதி என்றும் சொல்லலாம்.

விசா விஷயத்தில் ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு நிலை இருக்கும். சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை. இந்தியக் கடப்பிதழோடு நிரந்தரவாசியாகவோ வேலை அனுமதியிலோ இருப்பவர்களுக்குத் தேவை. சிங்கப்பூரில் வசிப்பவர்கள் ஜப்பானின் மின்விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அந்த விசாவை விமான நிலையத்தில் இணைய இணைப்போடு, கைப்பேசித் திரையில் நேரடியாகத் திறந்து காட்ட வேண்டும். திரையைப் படம்பிடித்து (ஸ்கிரீன்ஷாட்) வைத்ததையோ அச்சிட்ட தாளையோ ஏற்கமாட்டார்கள். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப்போவதானால், அவர்கள் சிங்கப்பூர்வாசிகள் அல்ல என்பதை நினைவில் வையுங்கள். அவர்களுக்கு இந்த வழி பொருந்தாது, முறையைத் தூதரகத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

டிராம்தான் முதுகெலும்பு

நாகசாகியில் எம்ஆர்டி இல்லை, தேவையும் இல்லை. பார்க்க வேண்டிய இடங்களில் முக்கால்வாசி டிராம் தடத்தை ஒட்டியே இருக்கின்றன. எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், 150 யென் அளவில். 100 யென் நம் ஒரு வெள்ளிக்கும் குறைவுதான். நாள் சீட்டு ஐந்தாவது பயணத்திலிருந்து லாபம். ஆனால் அதை வண்டியில் விற்பதில்லை, நிலையத்திலுள்ள சுற்றுலாத் தகவல் மையத்திலோ ஹோட்டலிலோ முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

பின்கதவில் ஏறி, முன்கதவில் இறங்க வேண்டும். காசு இறங்கும்போதுதான். ஓட்டுநர் அருகிலிருக்கும் பெட்டி மீதி தராது, சரியான சில்லறை போட வேண்டும். அதே பெட்டியில் 1,000 யென் தாளைச் சில்லறையாக மாற்றும் வாய் தனியாக இருக்கிறது. வண்டி நிறுத்தத்தில் நிற்கும்போதே அதை மாற்றிக்கொள்ளுங்கள். இறங்கும் நேரத்தில் மாற்றப்போனால் பின்னால் பத்துப் பேர் காத்திருப்பார்கள். நம் ஈஸிலிங்க் அட்டை அங்கே செல்லாது. ஹகாதா நிலையத்தில் சுகோகா அட்டை வாங்கினால் (500 யென் வைப்புத்தொகை) சுரங்க ரயில், டிராம், சிறு கடைகள் எல்லாவற்றிலும் தட்டலாம். ஷின்கான்செனுக்கு மட்டும் தனிச் சீட்டு.

தடங்கள் நான்கு: 1 நீலம், 3 சிவப்பு, 4 மஞ்சள், 5 பச்சை. 2-ஆம் எண்ணைத் தேடாதீர்கள். ரயில் நிலையத்தின் முன்னால் நிற்பவை 1-உம் 3-உம். வடக்கே அமைதிப் பூங்காவுக்குப் போக எது வந்தாலும் ஏறலாம். தெற்கே போகும்போதுதான் குழப்பம். தெஜிமாவுக்கும் சைனாடவுனுக்கும் 1 மட்டும்தான் போகும். 3 உள்ளே திரும்பி மெகானே பாலம், சுவா ஆலயம் பக்கம் போய்விடும். புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, எது முதலில் வந்ததோ அதில் ஏறுவது.

குளோவர் தோட்டத்துக்கு 1-இல் ஷின்சி சைனாடவுன் வரை போய் 5-க்கு மாற வேண்டும். அட்டை தட்டினால் இரண்டாவது பயணத்துக்குப் பணம் பிடிக்காது. காசு கொடுப்பவர்கள் இறங்கும்போது ஓட்டுநரிடம் ‘நோரிகாயே’ என்று சொல்லி மாற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கி நடந்தபிறகு கேட்டால் கிடைக்காது.

வடக்கு: உராகாமி

இதற்கு ஒரு காலைப்பொழுதை முழுதாக ஒதுக்குங்கள். பிற்பகலில் வேறு எதையும் நெருக்கமாகத் திணிக்க வேண்டாம், வெளியே வரும்போது உடனே ஐஸ்கிரீம் வாங்கிப் படம் எடுக்கும் மனநிலை இருக்காது.

1945 ஆகஸ்டு 9, காலை 11:02. கொகுரா நகரின் மேல் வானம் தெளியாததால் திரும்பிய விமானம் நாகசாகியின் மேல் புளூட்டோனியம் குண்டை வீசியது. தரையிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் அது வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 74,000 பேர். குண்டு விழுந்தது துறைமுகத்தின் மேல் அல்ல, வடக்கேயுள்ள உராகாமிப் பள்ளத்தாக்கில். நடுவிலிருந்த மலைகள் பழைய ஊரை ஓரளவு மறைத்தன. சோஃபுகுஜி கோயிலும் குளோவர் வீடும் இன்றும் நிற்பதற்கு அதுவே காரணம்.

டிராமில் ‘கென்பாகு ஷிரியோகான்’ நிறுத்தத்தில் இறங்குங்கள், அதாவது அணுகுண்டு அருங்காட்சியகம். பலர் அமைதிப் பூங்கா நிறுத்தத்தில் இறங்கி, சிலையைப் பார்த்துவிட்டுக் கடைசியில் அருங்காட்சியகத்துக்கு வருகிறார்கள். அந்த வரிசையில் சிலைக்கு அர்த்தம் இல்லை. முதலில் அருங்காட்சியகம். காலை 8:30-க்குத் திறக்கும், கட்டணம் 200 யென் அளவில். ஜப்பானியப் பள்ளிக் குழுக்கள் பெரும்பாலும் பத்து மணிக்குமேல் வந்து குவியும், திறந்தவுடன் உள்ளே போனால் அமைதியாகப் பார்க்கலாம். ஒன்றரை மணி நேரம் வையுங்கள்.

உள்ளே 11:02-இல் நின்றுபோன சுவர்க்கடிகாரம் இருக்கிறது. உருகி ஒன்றோடொன்று ஒட்டிய கண்ணாடிப் புட்டிகள் இருக்கின்றன. 14 வயதுப் பெண்ணின் மதிய உணவு டப்பா ஒன்று: மூடி நசுங்கியிருக்கும், உள்ளே சோறு கரியாக, பருக்கையின் வடிவம் மாறாமல் இருக்கும். ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போவதானால், தீக்காயப் படங்கள் இருக்கும் பகுதியை முன்பே தெரிந்துகொண்டு பெரியவர் ஒருவர் துணையோடு நகர்த்திவிடுங்கள்.

சிங்கப்பூரில் வளர்ந்த நமக்கு 1942 முதல் 1945 வரை என்றாலே வேறொரு நினைவு, ஜப்பானியர் ஆட்சி. சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத மலாயாத் தமிழர்களின் கதை பல வீடுகளில் இன்னும் சொல்லப்படுகிறது. அந்த நினைவை வெளியே விட்டுவிட்டு உள்ளே போக வேண்டிய அவசியம் இல்லை. பிள்ளைகளிடம் முதல் நாள் இரவே இரண்டையும் சொல்லிவிடுங்கள். இறந்தவர்களில் ஜப்பானுக்கு உழைக்கக் கொண்டுவரப்பட்ட கொரியர்களும் போர்க்கைதிகளும் உண்டு. கொரியர்களுக்கான சிறிய நினைவுக்கல் அருங்காட்சியகத்துக்குக் கீழே இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்திலிருந்தே நினைவு மண்டபத்துக்கு வழி உண்டு, அது இலவசம். அங்கிருந்து சரிவில் இறங்கினால் குண்டு வெடித்த நேர்கீழ்ப் புள்ளி. கறுப்புக் கல்தூண் ஒன்று நிற்கும், பக்கத்தில் இடிந்த உராகாமி தேவாலயத்தின் சுவர்த்துண்டு. பெரும்பாலானவர்கள் இங்கே திரும்பிவிடுவார்கள். நீங்கள் ஆற்றங்கரைப் படியில் இன்னும் கொஞ்சம் இறங்குங்கள். கண்ணாடிக்குப் பின்னால் 1945-ஆம் ஆண்டின் மண் அடுக்கை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். உடைந்த ஓடு, செங்கல், உருகிய கண்ணாடி எல்லாம் அன்று கிடந்தபடியே தெரியும்.

பிறகு அமைதிப் பூங்கா. டிராம் சாலைப் பக்கத்திலிருந்து நகரும் படி இருக்கிறது, படி ஏற வேண்டாம். முதலில் வரும் நீரூற்று 1969-இல் கட்டியது. தாகத்தால் தவித்து, எண்ணெய் மிதந்த தண்ணீரை அப்படியே குடித்த ஒரு சிறுமியின் வரிகள் அங்கே கல்லில் இருக்கின்றன. தண்ணீர் கேட்டு இறந்தவர்களுக்குத் தண்ணீர் படைப்பதுதான் அந்த ஊற்று. கோடியில் 9.7 மீட்டர் உயரச் சிலை, 1955-இல் வைத்தது. மேலே நீட்டிய வலக்கை அணுகுண்டின் ஆபத்தையும், பக்கவாட்டில் நீட்டிய இடக்கை அமைதியையும், மூடிய கண்கள் பிரார்த்தனையையும் குறிக்கின்றன. அதே கைநிலையில் நின்று படம் எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

நேரம் மிஞ்சினால், ‘தைகாகு பியோயின்’ நிறுத்தத்தில் இறங்கி சன்னோ ஆலயத்துக்குப் போங்கள். வெடிப்புப் புள்ளியிலிருந்து 800 மீட்டர். கல் தோரண வாயிலின் பாதி பறந்துபோய், மீதிப் பாதி ஒற்றைக்காலில் நிற்கிறது. விழுந்த பாதியைப் பக்கத்திலேயே கிடத்தி வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் மேலே, கருகி மொட்டையாகிப் பிறகு மறுபடி துளிர்த்த இரண்டு கற்பூர மரங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, கூட்டமும் இல்லை.

தெற்கு: மேலிருந்து கீழே

குளோவர் தோட்டத்துக்குச் சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் கீழ்வாயிலில்தான் இறக்கிவிடும். அங்கிருந்து கடைத்தெருச் சரிவில் ஏறி, பிறகு தோட்டத்துக்குள்ளும் ஏற வேண்டும். நீங்கள் 5-ஆம் எண் டிராமில் கடைசி நிறுத்தமான இஷிபாஷி வரை போய்விடுங்கள். ஆற்றோரமாக இரண்டு மூன்று நிமிடம் நடந்தால் ‘ஸ்கை ரோடு’ என்ற மின்தூக்கி வரும். இது நேராக ஏறாது, மலைச்சரிவோடு சாய்வாக ஏறும். ஏறும்போதே கீழே கூரைகள், அவற்றுக்கு அப்பால் துறைமுகம். உச்சியில் இறங்கி, இன்னொரு சாதாரண மின்தூக்கியில் ஏறினால் தோட்டத்தின் இரண்டாம் வாயில். தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் தாராளமாகப் போகும். மலைமேல் வசிக்கும் முதியவர்கள் வீடு திரும்பவே நகராட்சி இதைக் கட்டியது, அதனால்தான் இலவசம். காலையில் அவர்களுக்கு முதலில் வழி விடுங்கள், வீட்டு ஜன்னல்களை நோக்கிப் படம் எடுக்காதீர்கள்.

இரண்டாம் வாயிலில் நுழைந்தால் பழைய கப்பல்துறை மாலுமிகள் தங்கிய மாடிவீடு முதலில் வரும். அதன் மேல்தள வராந்தாவிலிருந்துதான் துறைமுகம் முழுதாகத் தெரியும். எதிர்க்கரையில் மிட்சுபிஷி கப்பல் கட்டும் தளம். அங்கே 1909-இல் நிறுவிய ராட்சதப் பாரந்தூக்கி இன்னும் வேலை செய்கிறது. அதன்பின் எல்லாம் இறக்கம்தான், நகரும் படிகளும் உண்டு. 1863-இல் கட்டிய குளோவர் வீடு, ஜப்பானில் இன்று மிஞ்சியிருக்கும் மேற்கத்திய பாணி மரவீடுகளில் மிகப் பழையது. கட்டணம் 620 யென் அளவில், ஒன்றரை மணி நேரம் போதும்.

கீழ்வாயிலில் வெளியே வந்தால் ஓவுரா தேவாலயம் பக்கத்திலேயே. கட்டணம் 1,000 யென், உள்ளே படம் எடுக்கக்கூடாது. 1864-இல் கட்டி முடித்தது. 1865 மார்ச் 17 அன்று உராகாமி கிராமத்தவர் சிலர் இங்கே வந்து, தாங்களும் அதே விசுவாசம் உள்ளவர்கள் என்று பிரெஞ்சுப் பாதிரியார் பெத்தித்ஜானிடம் மெதுவாகச் சொன்னார்கள். இரண்டரை நூற்றாண்டுத் தடையில், குருக்களே இல்லாமல், விசுவாசத்தை வீட்டுக்குள் மறைத்து வைத்துக் காப்பாற்றியவர்கள் அவர்கள். கட்டணத்துக்குள் அடங்கும் பக்கத்து அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள், அந்த வரலாறு முழுவதும் அங்கேதான்.

இந்தத் தேவாலயம் அர்ப்பணிக்கப்பட்டது 1597 பிப்ரவரி 5-இல் சிலுவையில் கொல்லப்பட்ட 26 பேருக்கு. அவர்களில் ஒருவர் இந்தியர்: மும்பை அருகே வசாய் ஊரில் பிறந்த கொன்சாலோ கார்சியா, இந்திய மண்ணில் பிறந்த முதல் புனிதர். அவர்கள் கொல்லப்பட்ட நிஷிசாகா மேடு ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. 26 வெண்கல உருவங்கள் வரிசையாக நிற்கும் நினைவுச்சுவர் அங்கே இருக்கிறது. ரயிலுக்கு அரைமணி நேரம் இருக்கும்போது போய்வரச் சரியான இடம்.

தெஜிமா, கோயில், பாலம்

தெஜிமாவுக்குப் போகும் பலர் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். தீவு என்று கேள்விப்பட்டுப் போனால் சுற்றிலும் சாலை, டிராம், கட்டடங்கள். கடலை எப்போதோ தூர்த்துவிட்டார்கள். 1636-இல் போர்த்துகீசியரை ஒதுக்கி வைக்க விசிறி வடிவில் கட்டிய செயற்கைத் தீவு இது, பரப்பு ஒன்றரை ஹெக்டேர்தான். 1641 முதல் இரண்டு நூற்றாண்டுக்கு மேல், ஐரோப்பாவோடு ஜப்பானின் வணிகம் இந்த ஒரு வாசல் வழியாக மட்டுமே நடந்தது. உள்ளே நுழைந்ததும் நேராகச் சிறிய மாதிரித் தெஜிமா இருக்கும் இடத்துக்குப் போங்கள். விசிறியின் உருவத்தை அங்கே மனத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு உண்மையான தெருவில் நடந்தால் ஒவ்வொரு கட்டடமும் இடத்தில் உட்காரும்.

கிடங்குகளில் எடைக்கற்களையும் செப்புப் பாளங்களையும் சர்க்கரையையும் வைத்திருப்பதைப் பாருங்கள். இங்கிருந்து டச்சுக்காரர்கள் கொண்டுபோன ஜப்பானியச் செம்பு சோழமண்டலக் கரையில் விற்றது. அந்தக் கரையில் அவர்களுடைய கோட்டைகள் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் இருந்தன. பதிலுக்கு நம் நெசவாளர்களின் பருத்தித் துணியும் சாயமிட்ட சீட்டித் துணியும் கப்பலேறி இதே தெஜிமாவில் இறங்கின. தமிழர் ஒருவர் இந்தக் கிடங்குக்குள் நிற்கும்போது இதைத் தெரிந்துகொண்டு நிற்பது நல்லது. கட்டணம் 520 யென் அளவில், இரவு 9 மணிவரை திறந்திருக்கும். பகல் வெளிச்சத்தை வேறு இடத்துக்குச் செலவழித்துவிட்டு இதைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சோஃபுகுஜி, 1-ஆம் எண் டிராமின் தெற்குக் கடைசி நிறுத்தம். புகியான் வணிகர்கள் 1629-இல் நிறுவிய சீனக் கோயில். தெலோக் ஆயர் தியான் ஹோக் கெங் கோயிலைக் கட்டியவர்களின் பூர்வீக மண்ணும் அதே புகியான்தான், இரண்டையும் பார்த்தவர்களுக்கு உறவு உடனே தெரியும். முற்றத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அண்டா. 1682 பஞ்சத்தில் ஊருக்குக் கஞ்சி ஊற்ற வார்த்தது. மாலை 5 மணிக்குள் போய்விடுங்கள். 1634-இல் கட்டிய மெகானே பாலத்துக்குக் காலையில் போங்கள். காற்றில்லாத நேரத்தில்தான் இரண்டு வளைவுகளும் நீரில் விழுந்து மூக்குக்கண்ணாடிபோல் முழு வட்டமாகும்.

இனாசா மலை

நாகசாகி ஜப்பானின் மேற்குக் கோடியில் இருப்பதால் சூரியன் தாமதமாகவே மறையும்: ஜூனில் இரவு ஏழரை மணி, டிசம்பரில் ஐந்தேகால். எப்போதும் ஏழு மணிக்கு இருட்டும் நம் ஊர்ப் பழக்கத்தில் குளிர்காலத்தில் கிளம்பினால் காட்சியின் சிறந்த பகுதி முடிந்திருக்கும். சூரியன் மறைய அரைமணிக்கு முன் உச்சியில் இருங்கள். வானம் நீலமாக இருக்கும்போதே விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும், அந்த இருபது நிமிடம்தான் பொன்னானது.

நிலையத்திலிருந்து 3 அல்லது 4-ஆம் எண் பேருந்தில் ‘ரோப்வே மாயே’ நிறுத்தத்தில் இறங்கி, ஃபுச்சி ஆலயத்துக்குள் நுழைந்தால் கம்பிவட ஊர்தி நிலையம். ஐந்து நிமிடத்தில் உச்சி. ஹோட்டல்களிலிருந்து இலவசப் பேருந்தும் உண்டு, முன்பதிவு அவசியம். பலத்த காற்றில் ஊர்தி நிற்கும். அன்று குளோவர் தோட்ட இரண்டாம் வாயிலிலிருந்து இன்னும் மேலே ஏறி, நபேகன்முரி மலைப் பூங்காவுக்குப் போகலாம். உயரம் பாதிதான், ஆனால் துறைமுகம் இன்னும் நெருக்கமாகத் தெரியும். மேலே காற்று குளிரும், கையில் ஒரு மேற்சட்டை.

ஹாஷிமா: முதல் நாளுக்கே பதிவு செய்யுங்கள்

குன்கஞ்சிமா என்று பரவலாக அறியப்படும் ஹாஷிமா, கடலுக்கடியில் நிலக்கரி தோண்டிய தீவு. 1959-இல் சுமார் 6.3 ஹெக்டேரில் 5,259 பேர் வாழ்ந்தார்கள். 1974-இல் சுரங்கத்தை மூடியதும் தீவே காலியானது. போர்க்காலத்தில் கொரியர்களும் சீனர்களும் இங்கே கட்டாயமாக உழைக்க வைக்கப்பட்டதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

தனியாகப் போக முடியாது, அனுமதி பெற்ற படகுச் சுற்றுலாவில்தான் போகலாம். அலை உயரம் அரை மீட்டருக்கும் காற்று வினாடிக்கு 5 மீட்டருக்கும் மேல் போனால் கரையிறங்க விடமாட்டார்கள், தீவைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பொதுவாகத் தீவு நுழைவுக் கட்டணமான 310 யென் திரும்ப வரும், படகுக் கட்டணம் வராது. ஆகவே நாகசாகியில் உங்கள் முதல் முழு நாளுக்கே படகைப் பதிவு செய்யுங்கள். அன்று படகு ரத்தானால் அடுத்த நாள் முயல இடமிருக்கும். கடைசி நாளுக்கு வைத்தவர்களுக்கு அந்த வழி இல்லை. இன்னொன்று: நிறுவனத்துக்கு நிறுவனம் படகுத்துறை வேறு. சில ஓஹாதோ பக்கத்தில், சில தோகிவா பக்கத்தில். சீட்டில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் போய்த் தவறான துறையில் நிற்பவர்கள் உண்டு. தீவில் கழிப்பறை கிடையாது, குடை விரிக்கக்கூடாது, குதிகால் செருப்பு ஆகாது. சிறு குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டு. கடல் மயக்கம் வருபவர்கள் மாத்திரையைப் படகேற அரைமணிக்கு முன்பே போடுங்கள், ஆடத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை.

சாப்பாடு

ஊரின் பெருமை சாம்பொன் நூடுல்ஸ். 1899-இல் புகியானிலிருந்து வந்தவர் தொடங்கிய ஷிகாய்ரோ உணவகத்தில் பிறந்தது. அதன் சாற்றில் பன்றி எலும்பும் கோழி எலும்பும் கொதித்திருக்கும். மேலே கிடக்கும் இறைச்சியை எடுத்துவிட்டால் சரியாகிவிடாது. சைனாடவுனில் மணக்கும் ஆவிப் பன்னுக்குள் பன்றி இறைச்சி, துருக்கி அரிசி என்ற தட்டிலும் பெரும்பாலும் பன்றி. முஸ்லிம் நண்பர்களும் சைவர்களும் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

சைவர்களுக்கு உண்மையான சிக்கல் கண்ணுக்குத் தெரியாத தாஷி, மீன் சாறு. காய்கறி மட்டும் இருக்கும் தட்டிலும், டோஃபுவிலும், இனிப்புப் பைபோன்ற இனாரி சுஷியிலும் அது கலந்திருக்கும். ‘நிகு நாஷி, சகானா நாஷி, தாஷி நாஷி’ என்று சொல்லலாம். இறைச்சி, மீன், மீன் சாறு எதுவும் வேண்டாம் என்று ஜப்பானிய எழுத்தில் கைப்பேசியில் வைத்துக் காட்டுவது இன்னும் உறுதி. காலை உணவுக்குத் தேக்காவில் வாங்கிய தொக்கும் ஊறுகாயும் பெட்டியில் இருக்கட்டும். கடையில் வெறும் சோறு எளிதாகக் கிடைக்கும், தயிரும் கிடைக்கும். இனிப்பில்லாத தயிருக்கு ‘பிளெய்ன்’ என்று கேளுங்கள். பாலம், அமைதிப் பூங்கா பக்கங்களில் வண்டியில் விற்கும் சிரின்சிரின் ஐஸை ரோஜா இதழ்போல் வழித்து அடுக்கித் தருவார்கள், பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

வாங்கிவர கஸ்தேரா. போர்த்துகீசியர் விட்டுப்போன கேக், தெஜிமா வழியாக வந்த சர்க்கரையால் வளர்ந்தது. முட்டை, மாவு, சர்க்கரை, மால்ட் பாகு மட்டும் சேரும்; வெண்ணெய் கிடையாது. அடியில் கரையாத பெருங்கற்கண்டுச் சர்க்கரை நறநறவென்று கடிபடுவதுதான் நல்ல கஸ்தேராவின் அடையாளம். அடித்தாளை மெதுவாக உரியுங்கள், வேகமாக இழுத்தால் அந்தச் சர்க்கரை தாளோடு போய்விடும். முட்டை சாப்பிடாத உறவினர்களுக்கு வாங்காதீர்கள், மோகி பகுதி லோக்காட் பழ ஜெல்லியையும் கொஞ்சம் யோசித்தே வாங்குங்கள், ஜெலட்டின் கலந்ததா என்று அட்டையைக் காட்டிக் கேட்டுவிட்டு.

திரும்புவதில் ஒரு கணக்கு. சிங்கப்பூர் விமானம் ஃபுகுவோகாவிலிருந்து காலையில் கிளம்புவதாக இருந்தால், அன்று விடியற்காலை நாகசாகியிலிருந்து புறப்பட்டுப் பிடிக்க முடியாது. கடைசி இரவை ஹகாதாவில் போடுங்கள். முதல் நாள் மாலை ரயிலில் வந்து, நிலையத்தை ஒட்டிய ஹோட்டலில் தங்கினால், காலையில் சுரங்க ரயிலும் இலவசப் பேருந்தும் சேர்த்து அனைத்துலக முனையத்துக்கு அரைமணி நேரம் வைத்துக்கொண்டால் போதும்.